தங்கையை லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ப்பதற்கு முன்

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தங்கை ப்ளஸ் டூவில் பயாலஜி குரூப் முடித்திருக்கிறாள், மெடிக்கல் லேப் வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டுப் பக்கத்தில் ஒரு இன்ஸ்டிடியூட் ‘ஒரே வருடத்தில் டி.எம்.எல்.டி., அரசு அங்கீகாரம், வேலை உத்தரவாதம்’ என்று போர்டு வைத்திருக்கிறது (டி.எம்.எல்.டி. என்றால் மெடிக்கல் லேப் டெக்னாலஜியில் டிப்ளமோ). மாமா ஒருவர், பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தாலே போதும், எல்லாம் ஒன்றுதான் என்கிறார். துபாயில் இருக்கும் சித்தப்பாவோ, லைசென்ஸ் இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது, முதலில் அதை விசாரி என்கிறார். யார் சொல்வது சரி, நம் ஊரில் இந்த வேலைக்கு லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறதா?

சித்தப்பா சொல்வதுதான் சரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா சொல்வது பாதி. அந்த இன்ஸ்டிடியூட் பக்கம் போகவே வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சென்னையில் லேப்களுக்கு ஆள் எடுக்கும் இடத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், மேசைக்கு வரும் சான்றிதழ்களைப் பார்த்தால் சில நாள் வயிறு எரிகிறது. பிள்ளை நன்றாகப் பேசுகிறது, கை சுத்தமாக ஓடுகிறது, ஆனால் கையில் இருக்கும் காகிதத்துக்கு மதிப்பில்லை. அதைச் சேரும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எத்தனை வருடப் படிப்பு, எவ்வளவு ஃபீஸ் என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, படிப்பு முடிந்ததும் சான்றிதழில் யார் பெயர் போட்டுக் கொடுப்பார்கள் என்பது. பல்கலைக்கழகமா, அரசு மருத்துவக் கல்வித் துறையா, அல்லது அந்த இன்ஸ்டிடியூட்டே தன் லெட்டர்ஹெட்டில் அச்சடித்துக் கொடுக்கிறதா? அரசு வேலை, பெரிய ஆஸ்பத்திரி, ரத்த வங்கி, வெளிநாடு என்று பின்னால் அவள் தட்டப்போகிற ஒவ்வொரு கதவிலும் கேட்கப்போவது இதைத்தான்.

லைசென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டருக்கும் நர்ஸுக்கும் கவுன்சில் பதிவு எண் இருப்பதுபோல லேப் டெக்னீஷியனுக்கு நாடு முழுவதற்குமான ஒரு பதிவு இந்தியாவில் நெடுங்காலம் இருந்ததில்லை. சில மாநிலங்கள் தனியாக பாராமெடிக்கல் கவுன்சில் வைத்திருந்தன, அவ்வளவுதான். அந்த ஓட்டையில்தான் இத்தனை இன்ஸ்டிடியூட்டும் முளைத்தன. அதை அடைக்க 2021-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்சார் பணியாளர்கள் ஆணையச் சட்டம். பெயர் நீளம், வாயில் நுழையாது, எல்லோரும் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து என்.சி.ஏ.எச்.பி. என்பார்கள். பத்துப் பிரிவாகத் தொழில்களைப் பிரித்திருக்கிறார்கள், அதில் முதல் பிரிவே மெடிக்கல் லேபரட்டரியும் உயிர் அறிவியலும்தான். மத்தியில் ஒரு ஆணையம், ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கவுன்சில், மாநிலப் பதிவேடு, மத்தியப் பதிவேடு என்பது அதன் அமைப்பு. வந்த வேகத்தில் எதுவும் நடக்கவில்லை, மாநிலங்கள் இழுத்தடித்தன. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அந்த ஆண்டு அக்டோபருக்குள் அமல்படுத்தச் சொன்ன பிறகுதான் வண்டி நகர்ந்தது.

இந்தச் சட்டத்தில் உங்கள் தங்கைக்கு முக்கியமானது ஒரு வரி. துணை சுகாதாரப் பணியாளர் என்று யாரைச் சொல்லலாம் என்பதற்கு, இரண்டு முதல் நான்கு வருடங்களில் பரவிய, குறைந்தது 2000 மணி நேரம் கொண்ட டிப்ளமோ அல்லது டிகிரி படித்தவர் என்று வரையறுத்திருக்கிறது. அதற்கு மேல்படியான சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் மூன்று முதல் ஆறு வருடம், 3600 மணி நேரம், டிகிரி. ஒரு வருடத்தில் டி.எம்.எல்.டி. முடித்துத் தருகிறேன் என்று சொல்பவர் இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறார் என்று நீங்களே பாருங்கள். இப்போது சேர்கிற பிள்ளை படித்து முடித்து வெளியே வரும்போது பதிவு என்பது வேலைக்கான அடிப்படைத் தேவையாக இருக்கும் என்றே வைத்துக்கொண்டு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் ‘லைசென்ஸ் இருக்கு’ என்று சொல்லும்போது மூன்று வேறு வேறு விஷயங்களைக் கலந்து பேசுகிறார்கள். ஆளுக்கான பதிவு ஒன்று, மேலே சொன்னது. லேப் என்கிற இடத்துக்கான பதிவு இன்னொன்று. அது தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 1997-இன் கீழ் வருவது, 2018-இல் திருத்தி விதிகளும் போட்டார்கள், மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம். இதில் 2017 டிசம்பரில் குஜராத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: லேப் ரிப்போர்ட்டில் மேலொப்பம் இடுவது பேத்தாலஜியில் முதுநிலை படித்த, பதிவு பெற்ற டாக்டர்தான். ஆகவே டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டு வில்லிவாக்கத்தில் ஒரு ஷட்டரைத் திறந்து, தானே ரத்தம் எடுத்து, தானே டெஸ்ட் போட்டு, தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அதை நம்ப வேண்டாம். லேப் வைக்கலாம், முதலாளியாக இருக்கலாம், ஆனால் டாக்டர் வேண்டும், இணை இயக்குநர் பதிவு வேண்டும், மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். வாடகை டாக்டர் கையெழுத்தை ஸ்கேன் பண்ணி எல்லா ரிப்போர்ட்டிலும் ஒட்டுகிற லேப்கள் இருக்கின்றன, ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் தங்கை வேலைக்குச் சேர்ந்தால் கற்றுக்கொள்ளப்போவதும் அதையேதான்.

சரி, படிப்புகள். தமிழ்நாட்டில் முறையான வழி என்று மூன்று உண்டு.

அடிப்படையானது ஒரு வருட சான்றிதழ் படிப்பு, சி.எம்.எல்.டி. என்பார்கள், அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே நடத்துகிறார்கள். ‘ஒரு வருடம் கூடாது என்று இப்போதுதானே சொன்னீர்கள்’ என்று கேட்பீர்கள். அரசு கொடுக்கும் சி.எம்.எல்.டி. தன்னை டிப்ளமோ என்று சொல்லிக்கொள்வதில்லை, அரசு ஆஸ்பத்திரிகளில் லேப் டெக்னீஷியன் கிரேடு மூன்று வேலைக்கு அது தகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. வீட்டுக் கஷ்டத்தில் உடனே சம்பாதிக்க வேண்டிய பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படித்து அரசு வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் புதுச் சட்டத்தின் இரண்டு வருடக் கணக்கைப் பார்க்கும்போது, வேறு வழி இருக்கிற ஒரு பிள்ளையை இப்போது இதில் சேர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது டி.எம்.எல்.டி., இரண்டு வருட டிப்ளமோ. அரசு மருத்துவக் கல்லூரிகளில் உண்டு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் உண்டு. 1899-இல் தொடங்கிய இடம் அது, தடுப்பூசியும் நுண்ணுயிர் ஆய்வுமாகவே வாழ்ந்த இடம், அங்கே படித்து வந்தவர்கள் மைக்ரோபயாலஜியில் கிருமி வளர்த்த தட்டைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவார்கள். டிப்ளமோ என்றதும் இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். நல்ல ஆஸ்பத்திரியோடு இணைந்த இடத்தில் படித்த டி.எம்.எல்.டி. பிள்ளை, ஆஸ்பத்திரியே இல்லாத காலேஜில் படித்த டிகிரிப் பிள்ளையைவிடப் பல மடங்கு வேலை தெரிந்தவளாக வருவாள். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது பி.எஸ்சி. எம்.எல்.டி., மூன்று வருடப் படிப்பும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். பெரும்பாலும் கிண்டியில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நடப்பவை, இல்லையென்றால் போரூர் ராமச்சந்திரா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அரசுக் கல்லூரி இடங்களுக்கும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. பி.பார்ம், நர்சிங், பிசியோதெரபியோடு சேர்த்து ஒரே விண்ணப்பம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, இதற்கு நீட் கேட்பதில்லை. ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் இதே படிப்புக்கு நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் எடுக்கிறார்கள், தங்கை நீட் எழுதியிருந்தால் அந்த மார்க் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேலூர் சி.எம்.சி.யின் லேப் படிப்பும் நல்ல பெயர் உள்ளது, அதற்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு முறை. கவுன்சிலிங் அறிவிப்பு வந்தால் சில வாரம்தான் இணையதளம் திறந்திருக்கும், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நின்று வாங்க முடியாது. இப்போதே எடுத்து வையுங்கள்.

இருக்கிறவற்றில் எது என்று கேட்டால், கிடைக்குமானால் பி.எஸ்சி. எம்.எல்.டி. நான்கு வருடம் நீளமாகத் தெரியலாம், ஆனால் சூப்பர்வைசர் பதவி, எம்.எஸ்சி., வெளிநாடு எல்லாமே டிகிரியிலிருந்துதான் திறக்கிறது. கவுன்சிலிங்கில் கிடைக்காவிட்டால் அரசு டி.எம்.எல்.டி.

இனி அந்தப் பக்கத்துத் தெரு இன்ஸ்டிடியூட். ‘அரசு அங்கீகாரம்’ என்று போர்டில் இருப்பது பெரும்பாலும் பச்சைப் பொய்யாக இருக்காது, அதுதான் தந்திரம். டிரஸ்ட் சட்டத்திலோ சங்கப் பதிவுச் சட்டத்திலோ பதிவு செய்திருப்பார்கள், அது ஒரு பதிவு, ஆகவே ‘அரசுப் பதிவு பெற்றது’ ஆகிவிடுகிறது. சிறுதொழில் பதிவு வாங்கியிருப்பார்கள். ஐ.எஸ்.ஓ. 9001 ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அது அலுவலக நடைமுறைக்கான சான்று, படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டெல்லி முகவரியோடு ‘அகில இந்திய’ என்று தொடங்கும் ஏதாவது கவுன்சில் பெயர் இருக்கும், அதுவும் இன்னொரு டிரஸ்ட்தான். அங்கே போய் மூன்றே கேள்வி கேளுங்கள். சான்றிதழ் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை? அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உங்கள் இன்ஸ்டிடியூட்டின் பெயர், இந்தப் படிப்பின் பெயரோடு இருக்கிறதா, இங்கேயே காட்டுங்கள். பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, ஒப்பந்தக் கடிதம் எங்கே? மூன்றாவது கேள்வி வரும்போது அநேகமாக டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுவார்கள்.

வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம், தபால் வழி, பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பாராமெடிக்கல் படிப்புகளைத் தொலைநிலைக் கல்வியில் நடத்தக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி. அதை மீறி வாங்கிய டிகிரி எவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஊசி குத்தாமல் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை, இதற்கு விதியே தேவையில்லை.

மாமா விஷயம். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி எல்லாம் நல்ல படிப்புகள், சென்னையில் கலை அறிவியல் கல்லூரி தவறாமல் இருக்கின்றன, ஃபீஸும் குறைவு. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடத்தில் அஸ்திவாரம் பலமாகவே இருக்கும். ஆனால் நோயாளியின் கையைத் தொட்டிருக்க மாட்டார்கள், ரத்த அணுக்களை எண்ணும் ஹெமட்டாலஜி அனலைசர் முன்னால் நின்றிருக்க மாட்டார்கள், திசுவை வெட்டி ஸ்லைடு போட்டிருக்க மாட்டார்கள். தனியார் லேப்களில் இவர்களை எடுக்கிறார்கள், குறைந்த சம்பளத்தில் எடுத்துப் பழக்குகிறார்கள், சிலர் பின்னாலே முதுநிலை டிப்ளமோவாக எம்.எல்.டி. முடித்துச் சரிசெய்துகொள்கிறார்கள். ஆராய்ச்சி, மருந்து கம்பெனி, உணவுப் பரிசோதனைக் கூடம் என்று போக ஆசை என்றால் மாமா சொல்வது சரியான வழி. தங்கைக்கு ஆஸ்பத்திரி லேப்தான் வேண்டும் என்றால் ‘எல்லாம் ஒன்று’ கிடையாது. சட்டமே பிரித்துப் பார்க்கும் இடம் ஒன்று காட்டுகிறேன். ரத்த வங்கி. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில் ரத்த வங்கி டெக்னீஷியனுக்கு என்ன தகுதி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: எம்.எல்.டி. டிகிரியோடு ரத்தப் பரிசோதனையில் ஆறு மாத அனுபவம், அல்லது எம்.எல்.டி. டிப்ளமோவோடு ஒரு வருட அனுபவம், அதுவும் மத்திய மாநில அரசு அங்கீகரித்த பல்கலைக்கழகம் அல்லது நிறுவனத்திலிருந்து. மைக்ரோபயாலஜி டிகிரி அங்கே உள்ளே நுழையாது, பக்கத்துத் தெரு டிப்ளமோவும் நுழையாது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்கள் ஊழியர்களின் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள், ரத்த வங்கியின் உரிமமே அதில் மாட்டியிருக்கிறது, அதனால் எந்த நிர்வாகமும் விளையாடாது.

அரசு வேலை என்றால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது, எம்.ஆர்.பி. என்பார்கள். டி.எம்.எல்.டி.க்கு ஒரு கிரேடு, சி.எம்.எல்.டி.க்கு ஒரு கிரேடு என்று அறிவிப்பு வரும். ஒவ்வொரு அறிவிப்பிலும் எந்த நிறுவனம் கொடுத்த எந்தப் படிப்பு செல்லும் என்று ஒரு பத்தி இருக்கும், பழைய அறிவிப்புகள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும், படிப்பில் சேரும் முன்பே அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது படித்துப் பார்த்து நெஞ்சில் கை வைத்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிரந்தர வேலை அறிவிப்பு வருடா வருடம் வராது, நடுவில் தேசிய சுகாதார இயக்கத்தின் ஒப்பந்த வேலைகள் மாவட்ட அளவில் வரும், சம்பளம் சுமார், ஆனால் அனுபவச் சான்று அரசுடையது.

தனியார் பக்கம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று சொன்னால்தான் எந்தக் காலேஜ் என்று தேர்வு செய்ய வசதியாக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரிகளும் பெரிய லேப் சங்கிலிகளும் என்.ஏ.பி.எல். என்ற லேப் தர அங்கீகாரம் வைத்திருப்பவை. இது ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரத்தின்படி கொடுப்பது, கட்டாயம் இல்லை, லேப் விரும்பி வாங்குவது. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் ஒவ்வொரு ஊழியரின் படிப்பு, பயிற்சி, திறன் மதிப்பீடு எல்லாம் கோப்பில் இருந்தாக வேண்டும், ஆடிட்டர் கேட்பார். அதனால்தான் அங்கே சான்றிதழ் விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள், யாருக்கும் தனிப்பட்ட பகை கிடையாது.

இன்டர்வியூவில் நான் பெரிய தியரி எதுவும் கேட்பதில்லை. ‘காலையில் சுகர் கண்ட்ரோல் போட்டாய், மூன்று எஸ்.டி.க்கு வெளியே நிற்கிறது, என்ன செய்வாய்?’ என்று கேட்பேன். (கண்ட்ரோல் என்பது அளவு முன்பே தெரிந்த சோதனை சாம்பிள், எஸ்.டி. என்பது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு.) பத்தில் எட்டுப் பேர், ‘திரும்ப ஒருமுறை ஓட்டுவேன் மேடம், வந்துவிடும்’ என்பார்கள். வந்துவிட்டால்? ‘சாம்பிள் போட ஆரம்பிப்பேன்.’ அந்த மூன்று எஸ்.டி. ஏன் வந்தது, கண்ட்ரோலை எப்போது கரைத்தது, ரீஏஜென்ட் (டெஸ்ட்டுக்கான ரசாயனம்) லாட் மாறியதா, கண்ட்ரோல் அளவைத் தினமும் குறிக்கும் லீவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் நேற்றைய கோடு ஏற்கெனவே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்ததா, இதையெல்லாம் யோசிக்கிற பிள்ளை வந்தால் சான்றிதழ் தவிர வேறெதையும் பார்க்காமல் எடுத்துவிடலாம். இன்னொன்று கேட்பேன்: பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கால்சியம் தரையில் கிடக்கிறது, ஆனால் நோயாளி தெம்பாக உட்கார்ந்து காபி குடிக்கிறார், என்ன நடந்திருக்கும்? வார்டில் யாரோ ஊதா மூடி குழாயில் எடுத்த ரத்தத்தில் கொஞ்சத்தைச் சிவப்பு மூடி குழாயில் ஊற்றியிருக்கிறார்கள். ஊதாக் குழாயில் இருப்பது ரத்தம் உறையாமல் தடுக்க, பொட்டாசியம் உப்பாகப் போட்ட ஈ.டி.டி.ஏ., அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியத்தைத் தன் பங்குக்குச் சேர்க்கும். இது புரியாதவர் அந்த ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பினால், அந்தப் பக்கம் டாக்டர் இல்லாத நோய்க்கு மருந்து ஏற்றுவார். மணிக்கணக்கை வைத்துப் படிப்பை அளக்கும் சட்டம் அதிகாரிகளின் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். நூறு சாம்பிளை வாங்கி, அதில் தப்பாக எடுத்து வந்த நாலைத் திருப்பி அனுப்பிப் பழக அத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு ஓடுகிற ஆஸ்பத்திரி வேண்டும்.

ஆகவே காலேஜைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரி லேபில் ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் வருகிறது, இன்டர்ன்ஷிப்பில் பிள்ளைகளை எல்லாப் பிரிவிலும் சுற்ற விடுகிறார்களா, அல்லது வருடம் முழுக்க ரத்தம் எடுக்கவும் ரிப்போர்ட் பிரிண்ட் போடவும் உட்கார வைக்கிறார்களா என்று சீனியர் பிள்ளைகளிடம் கேண்டீனில் உட்கார்ந்து கேளுங்கள். பிரின்சிபால் அறையில் இந்தப் பதில் கிடைக்காது. அப்புறம், சேர்ந்த முதல் மாதமே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை ஆரம்பிக்கச் சொல்லுங்கள், மூன்று டோஸ், முதல் டோஸிலிருந்து ஒரு மாதம், ஆறு மாதம் என்று கணக்கு. காலேஜ் போடாவிட்டால் நீங்கள் போட்டுவிடுங்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். தனியார் லேபில் ஆரம்பச் சம்பளம் சென்னையில் வாடகை கொடுத்துத் தங்குகிற பிள்ளைக்குப் பற்றாது. நைட் ஷிஃப்ட் உண்டு, தீபாவளி அன்றும் கேஷுவால்டியிலிருந்து சாம்பிள் வரும். மூன்று நான்கு வருடம் தாண்டி, ஏதாவது ஒரு பிரிவில் கை தேர்ந்த பிறகுதான் சம்பளம் பேசும் நிலைக்கு வரும். திசுவைப் பரிசோதிக்கும் ஹிஸ்டோபேத்தாலஜியில் நன்றாக செக்‌ஷன் வெட்டத் தெரிந்தவர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு, இது உபரித் தகவல்.

சித்தப்பாவின் துபாய்க்கு வருவோம். வளைகுடாவில் ஆளுக்கான உரிமம் கண்டிப்பு. துபாய்க்கு அந்த எமிரேட்டின் சுகாதார ஆணையம், அபுதாபிக்குத் தனி, மற்ற எமிரேட்டுகளுக்கு அமைச்சகம், சவூதிக்குத் தனி ஆணையம். நடைமுறை ஏறக்குறைய ஒரே மாதிரி: படிப்புத் தகுதி, பொதுவாக இரண்டு வருட அனுபவம், டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் போன்ற கணினித் தேர்வு. பரீட்சையில் தோற்றால் திரும்ப எழுதிக்கொள்ளலாம். சிக்குவது டேட்டாஃப்ளோவில்தான். அவர்கள் உங்களிடம் இருக்கும் காகிதத்தை நம்ப மாட்டார்கள், கொடுத்த பல்கலைக்கழகத்துக்கும் வேலை பார்த்த லேபுக்கும் நேரடியாக எழுதிக் கேட்பார்கள். பல்கலைக்கழகம் பதில் போடும். பக்கத்துத் தெரு இன்ஸ்டிடியூட் அதற்குள் செல்போன் கடையாகியிருக்கும். சின்ன லேபில் பார்த்த இரண்டு வருட வேலைக்கு பி.எஃப். இல்லை, சம்பளம் கையில் கொடுத்தார்கள், லெட்டர்ஹெட் இல்லை என்றால் அந்த அனுபவம் இல்லாத அனுபவம்தான். சொந்த ஊரில் தொழில் பதிவு இருக்கிறதா என்றும் கேட்பார்கள், இத்தனை காலம் நம் பிள்ளைகள் திணறிய இடம் இது, மாநிலக் கவுன்சில் பதிவு வந்தால் தீர வேண்டிய பிரச்சினை.

இன்னொரு தொல்லை முழுக்க நம்முடையது. இனிஷியல். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர், டிகிரியில் இனிஷியல் பின்னால் போயிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து சர்நேம் ஆகியிருக்கும், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங். நமக்கு எல்லாம் ஒரே ஆள், டேட்டாஃப்ளோவுக்கு நான்கு ஆட்கள். காலேஜில் பெயர் பதியும்போதே எல்லாவற்றையும் ஒன்றுபோல ஆக்கிவிடுங்கள், பின்னால் கெஜட்டில் பெயர் மாற்ற அலைவதைவிட இது சுலபம்.

அமெரிக்கா கனவு இருந்தால், அங்கே கதை வேறு. 1988-இல் வந்த கிளியா என்ற சட்டம் லேபைத்தான் கட்டுப்படுத்துகிறது, எந்தச் சிக்கலான டெஸ்ட்டை எந்தப் படிப்புள்ளவர் செய்யலாம் என்று குறைந்தபட்சம் வகுக்கிறது. ஆளுக்கான உரிமம் நாடு முழுவதும் கிடையாது, கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனியாகக் கேட்கின்றன. மற்ற இடங்களில் ஆஸ்பத்திரிகள் கேட்பது ஏ.எஸ்.சி.பி. என்ற அமைப்பின் சான்றிதழ். நூறு கேள்வி, இரண்டரை மணி நேரம், நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும், 999-க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. வெளிநாட்டில் இருந்தபடியே எழுத ஒரு சர்வதேசப் பிரிவும் வைத்திருக்கிறார்கள், இங்கே சில பெரிய லேப்களில் அதை முடித்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் நம் டிகிரி அவர்கள் டிகிரிக்குச் சமமா என்று மதிப்பிடும் படி ஒன்று உண்டு, அங்கேதான் இன்டர்ன்ஷிப்போடு சேர்த்த நான்கு வருடம் கைகொடுக்கும். பிரிட்டனில் பயோமெடிக்கல் சயின்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே எச்.சி.பி.சி. என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு வேண்டும், பதிவில்லாமல் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்வது குற்றம்.

தம்பி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. இன்ஸ்டிடியூட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கட்டாதீர்கள், ‘இன்றைக்குக் கட்டினால் ஐயாயிரம் தள்ளுபடி’ என்று கூப்பிட்டால் எடுக்காதீர்கள். தேர்வுக் குழு இணையதளத்தை வாரம் இரண்டு முறை பாருங்கள். பி.எஸ்சி. எம்.எல்.டி., அரசு டி.எம்.எல்.டி. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள், இரண்டும் தனித்தனி அறிவிப்பு. கிடைக்காமல் தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்று போக நேர்ந்தால், அந்தக் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்த வருடத்துக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பல வருடத்துக்கு முந்தைய பட்டியலைக் காட்டினால் ஏற்காமல், அதற்குப் பிறகு ஃபீஸ் பேசுங்கள்.